ஹார்ப்பின் வாயைக் கட்டியது யார்?

ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்க வந்தவர் வாசித்தால் போதும், கதை சொல்ல வேண்டாம்; சொன்னால் இசை நீர்த்துப்போகும். மேற்கத்தியச் செவ்விசை அரங்குகளில் இந்தக் கருத்து எழுதப்படாத சட்டமாகவே நடமாடுகிறது. பேச்சும் நடிப்பும் கலந்த கச்சேரி என்றால் அது குழந்தைகளுக்கானது. இல்லையென்றால் கோடைக்காலப் ‘பாப்ஸ்’ கச்சேரிகளுக்கானது. அதுவும் இல்லையென்றால் டிக்கெட் விற்பதற்கான உத்தி. நல்ல இசைக்கு வேறு துணை வேண்டாம், துணை தேடும் இசையில் ஏதோ குறை இருக்கிறது என்று படித்த ரசிகர்களே நம்புகிறார்கள்.

வரலாற்றைப் பார்த்தாலும் சரி, மேடையில் இசை எப்படி நிகழ்கிறது என்பதைப் பார்த்தாலும் சரி, இந்த நம்பிக்கைக்கு அடித்தளம் இல்லை. அதிலும் ஹார்ப்புக்கு அது இழைத்திருப்பது பெரிய அநியாயம்.

டெபோரா ஹென்சன்-கோனன்ட் என்ற அமெரிக்கக் கலைஞரை எடுத்துக்கொள்கிறேன். 1953இல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். மின்ஹார்ப் ஒன்றைப் பட்டை போட்டு உடம்போடு மாட்டிக்கொண்டு, முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னால் நடந்தபடியே வாசிப்பவர். பாடுவார், கதை சொல்வார், கதையில் வருகிறவர்களாக மாறிப் பேசுவார். ஆர்கெஸ்ட்ராவுக்கான இசையையும் அவரே எழுதுகிறார். மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் சிம்பொனியோடு, டேவிட் லாக்கிங்டன் நடத்த, பார்வையாளர் முன்னிலையில் அவர் பதிவுசெய்த ‘இன்வென்ஷன் அண்ட் ஆல்கெமி’ 2007ஆம் ஆண்டுக் கிராமி விருதுகளில் ‘கிளாசிக்கல் கிராஸ்ஓவர்’ பிரிவுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 2012இல் ராக் கிதார் கலைஞர் ஸ்டீவ் வாயின் சுற்றுப்பயணக் குழுவில் ஒருவராகப் போய் வாசித்தார். இவ்வளவு இருந்தும், அவர் பெயரை எடுத்தால் முதலில் வருகிற சொல் ‘ஷோ’ என்பதுதான். இசை பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வரும், பல நேரங்களில் வராமலே போகும்.

நடிப்பும் கதையும் இசை உழைப்பைக் குறைத்துக்கொள்ள உதவும் குறுக்குவழி என்பது முதல் குற்றச்சாட்டு. இதைச் சொல்கிறவர்கள் அந்தக் கருவியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆர்கெஸ்ட்ராவில் நாம் பார்க்கும் பெரிய ஹார்ப்புக்கு 47 தந்திகள். காலடியில் ஏழு பெடல்கள், ஒவ்வொரு சுரப்பெயருக்கும் ஒன்று. ஒவ்வொரு பெடலுக்கும் மூன்று நிலைகள். பாரிஸில் கருவிகள் செய்த செபாஸ்டியன் எரார்டு 1810இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. பெடலை ஒரு படி மிதித்தால் அந்தப் பெயருள்ள எல்லாத் தந்திகளும் மேலிருந்து கீழ்வரை ஒரே நேரத்தில் அரைச்சுரம் ஏறும். கை தந்தியை விட்டு நகரவே வேண்டாம். இரண்டு கால்களும் கீழே ஓயாமல் வேலைசெய்துகொண்டிருக்க, மேலே விரல்கள் தடையில்லாமல் ஓடும். தந்திகளின் மொத்த இழுவிசை ஒரு டன்னை நெருங்கும். அதைத் தாங்குவதற்காகவே இந்தக் கருவி நாற்பது கிலோ அளவுக்குக் கனக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு யாரும் நடக்க முடியாது.

நடக்க வேண்டுமென்றால் வேறு கருவி வேண்டும். பிரான்ஸின் காமாக் நிறுவனம், அதன் நிறுவனர் ஜோயல் கார்னியே காலத்தில் தொடங்கி, ஹென்சன்-கோனன்ட்டோடு சேர்ந்து உருவாக்கிய ஹார்ப்பில் 32 தந்திகள். எடை சுமார் 5 கிலோ. ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனி ஒலியுணரி. ஹென்சன்-கோனன்ட் பெயரின் முதலெழுத்துகளே அந்த வகைக்குப் பெயராக இருக்கின்றன. ஆனால் அதில் பெடல் கிடையாது. ஒவ்வொரு தந்தியின் உச்சியிலும் ஒரு சிறு லீவர் இருக்கிறது. அதைக் கையால் தள்ளினால் அந்த ஒரு தந்தி மட்டும் அரைச்சுரம் ஏறும். நம் காதுக்குப் புரியும்படி சொன்னால், சுத்த மத்யமத்திலிருந்து பிரதி மத்யமத்துக்குப் போக, வாசித்துக்கொண்டிருக்கிற இடக்கையைத் தந்தியிலிருந்து எடுத்து, லீவரைத் தள்ளிவிட்டு, தாளம் தவறாமல் திரும்பி வர வேண்டும். மூன்று ஸ்தாயிகளில் அந்தச் சுரம் வேண்டுமென்றால் மூன்று லீவர்கள்.

இதன் பொருளை யோசித்துப் பார்க்க வேண்டும். முழு ஆர்கெஸ்ட்ரா பின்னால் இருக்கிறது, அது எந்தச் சுருதிக்கும் நொடியில் தாவும். முன்னால் நிற்கும் கருவிக்கு ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு கை செலவாகிறது. ஆகவே எங்கே சுரம் மாறுகிறதோ அங்கே ஆர்கெஸ்ட்ரா பாரத்தை ஏற்கும்படி எழுத வேண்டும், அல்லது வலக்கை மட்டுமே தாங்கும்படி ஒரு வடிவத்தை அமைக்க வேண்டும், அல்லது அந்த இடத்தில் பேச்சு வர வேண்டும். கதையில் ஒரு கதாபாத்திரம் கையை உயர்த்தும் கணமும், அந்தக் கை லீவரைத் தொடும் கணமும் ஒன்றாக அமைய முடியும். அப்படி அமைந்தால் நடிப்பும் வாசிப்பும் ஒரே அசைவாகிவிடும். இது குறுக்குவழியா? சாதாரண ஹார்ப் கச்சேரியில் தலைகாட்டாத ஒரு சிக்கலைத் தானே முன்வந்து தலையில் ஏற்றிக்கொண்டு, அதைத் தீர்க்கும் வேலை இது.

இதோடு பேச்சின் சிக்கலும் சேர்கிறது. ஆர்கெஸ்ட்ராவுக்கு மேலே மனிதக் குரல் பேசும்போது முதலில் காணாமல்போவது மெய்யெழுத்துகள். குரலின் ஸ்தாயியிலேயே செல்லோவும் கொம்பும் ஒலித்தால் சொல் மூழ்கிவிடும். மைக் வைத்தால் சத்தம் கூடும், தெளிவு கூடிவிடாது. அதனால் எழுதுகிறவர் சொல் வரும் இடத்தில் இசையை மேலும் கீழும் விலக்கி, நடுவில் இடம் விட வேண்டும். பேச்சின் நீளம் ஒவ்வொரு நாளும் ஒரே அளவில் இருக்காது. சிரிப்பு வந்தால் பேசுகிறவர் காத்திருக்க வேண்டும். எனவே குறிப்பிட்ட சில அளவுகளை ஆர்கெஸ்ட்ரா சுற்றிச் சுற்றி வாசிக்கும். பேசுபவரின் குறிப்பிட்ட சொல் காதில் விழுந்ததும் நடத்துநர் அடுத்த பகுதிக்கு எல்லோரையும் இழுத்துக்கொண்டு போவார். அந்தச் சுழற்சி எத்தனை முறை வந்தாலும் அலுக்காதபடி எழுதுவது தனிக் கலை. விருந்தாளிக் கலைஞருக்குக் கிடைக்கும் ஓரிரு ஒத்திகைகளுக்குள் இத்தனையும் பொருந்தி வர வேண்டும். ஒரு கான்செர்ட்டோவை வாசித்துவிட்டுப் போகிறவருக்கு இந்தத் தொல்லைகளில் ஒன்றுகூடக் கிடையாது.

இரண்டாவது வாதம் தத்துவம் பேசுகிறது. இசை தன்னளவில் முழுமையானது, வெளியிலிருந்து கதையைக் கொண்டுவந்து ஒட்டுவது அதன் தூய்மையைக் கெடுக்கும் என்கிறது. கேட்பதற்கு மிகப் பழமையான கொள்கை போல இருக்கிறது. ஆனால் வயது அதிகமில்லை. இசை விமர்சகர் எடுவார்ட் ஹான்ஸ்லிக் இசையின் அழகு பற்றிய தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டது 1854இல். அவர் வாதமும் குறுகலானது: இசையின் அழகு அது எழுப்பும் உணர்ச்சியில் இல்லை, ஒலிகளின் அமைப்பில்தான் இருக்கிறது என்றார். வாசிப்பவர் வாயைத் திறக்கக்கூடாது என்பது அதிலிருந்து பிறக்கவில்லை. பின்னால் வந்தவர்கள்தான் அந்த அழகியல் வாதத்தை மேடை ஒழுங்காக மாற்றினார்கள். இருண்ட அரங்கு, இருமக்கூடத் தயங்கும் அமைதி, பகுதிகளுக்கு இடையே கைதட்டினால் திரும்பிப் பார்க்கும் முகங்கள் எல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதற்குப் பிறகும் இறுகிய பழக்கங்கள்.

அதற்கு முன்னால் எப்படி இருந்தது? 1778 ஜூலையில் பாரிஸிலிருந்து தந்தைக்கு எழுதிய கடிதத்தில், தம் புதிய சிம்பொனியின் நடுவிலேயே ஒரு பகுதிக்குக் கைதட்டல் எழுந்ததை மோட்சார்ட் மகிழ்ச்சியோடு சொல்கிறார். அந்தப் பகுதி பிடிக்கும் என்று தெரிந்தே எழுதினாராம். அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் மன்ஹைமில், கேயோர்க் பெண்டாவின் படைப்பைக் கேட்டுவிட்டு, பேச்சு ஆர்கெஸ்ட்ராவோடு இணைந்து நடக்கும் அந்த முறையைப் பெரிதும் பாராட்டி எழுதினார். ஹைடன் 1772இல் எழுதிய ‘ஃபேர்வெல்’ சிம்பொனியின் இறுதியில் வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவராக மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். ஹைடனின் புரவலரான இளவரசர் ஊர் திரும்பவிடாமல் இசைக்காரர்களை எஸ்டர்ஹாஸா மாளிகையில் பிடித்து வைத்திருந்ததற்கு அது பதில். ஆர்கெஸ்ட்ரா மேடையில் நாடகம் நடந்த இடம் அது. அதை எழுதியவர் சிம்பொனியின் தந்தை என்று இன்றைய பாடப்புத்தகங்கள் சொல்கிற மனிதர்.

பெர்லியோஸை எதிர்த்தரப்பினர் மேற்கோள் காட்டுவதுண்டு. ‘சிம்ஃபொனி ஃபன்டாஸ்டிக்’ 1830 டிசம்பரில் பாரிஸில் முதலில் அரங்கேறியபோது கதையை அச்சிட்டுக் கொடுத்தவர், 1855இல் சிம்பொனியைத் தனியாக வாசிக்கும்போது கதை தேவையில்லை, பகுதிகளின் தலைப்புகள் போதும் என்று எழுதிவிட்டாரே என்பார்கள். உண்மைதான். ஆனால் அதே குறிப்பின் மறுபாதியை அவர்கள் படிப்பதில்லை. சிம்பொனியைத் தொடர்ந்து, அதன் தொடர்ச்சியான ‘லெலியோ’வையும் நிகழ்த்தும்போது கதையைக் கட்டாயம் கொடுக்கச் சொல்கிறார், ஆர்கெஸ்ட்ராவைத் திரைக்குப் பின்னால் மறைத்து, நாடகமாகவே நடத்தச் சொல்கிறார். லெலியோ பாத்திரம் மேடையில் பேசுகிறது. பெர்லியோஸுக்குக் கதை ஒரு வெட்கம் அல்ல, இரண்டு விதமாக நிகழ்த்தலாம் என்ற சுதந்திரம். அந்தச் சுதந்திரத்தில் ஒரு பாதியை நம் அரங்குகள் தூக்கி எறிந்துவிட்டன. அந்தச் சிம்பொனியின் இரண்டாம் பகுதியான நடன விருந்தில் ஹார்ப்புகளுக்கு முக்கிய இடம் கொடுத்தவரும் அவர்தான். ஒளி சிதறும் கூடமும், கூட்டத்துக்கு நடுவே தெரிகிற காதலியும் இருப்பதனால்தான் அங்கே ஹார்ப் ஒலிக்கிறது. கதையின் தேவைதான் கருவியைக் கொண்டுவந்தது.

இங்கே ஓர் இரட்டை அளவுகோலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இருபதாம் நூற்றாண்டு நவீன இசையில் நாடகம் தாராளமாக இருக்கிறது. 1912 அக்டோபரில் பெர்லினில் ஷோன்பெர்கின் ‘பியரோ லூனேர்’ முதலில் நிகழ்ந்தபோது, ஆல்பர்டீனே ஸேமே வேடமணிந்து மேடையில் நின்று பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவான குரலில் நிகழ்த்தினார். வாத்தியக்காரர்கள் மறைப்புக்குப் பின்னால் இருந்தார்கள். ஜார்ஜ் கிரம்ப் 1971இல் எழுதிய ‘வாக்ஸ் பலேனே’யில் மூன்று கலைஞர்களும் கறுப்பு அரைமுகமூடி அணிய வேண்டும். கனடாவின் ஆர். மர்ரே ஷேஃபர், ஹார்ப் கலைஞர் ஜூடி லோமனுக்காக 1979இல் எழுதிய ‘தி க்ரவுன் ஆஃப் அரியாட்னே’யில் வாசிப்பவர் காலில் மணி கட்டிக்கொண்டு, ஹார்ப்போடு தாளக் கருவிகளையும் தானே இயக்குகிறார். இவற்றையெல்லாம் இசைக்கல்லூரிகள் பாடமாக வைத்திருக்கின்றன, வைக்கத்தான் வேண்டும். அதே நாடகத்தை ஒரு பெண், ஹார்ப்பை மாட்டிக்கொண்டு, கேட்பவர்கள் சிரிக்கும்படியும் அழும்படியும் செய்தால் மட்டும் அது ‘பொழுதுபோக்கு’ ஆகிவிடுகிறது. அப்படியானால் மறுப்பு நாடகத்தின்மேல் இல்லை, கூட்டம் அதை ரசிக்கிறது என்பதன்மேல். ரசிக்கப்படுவது தரக்குறைவுக்குச் சான்று என்று யாராவது வெளிப்படையாக வாதாடட்டும், நான் பதில் சொல்லக் காத்திருக்கிறேன். வெளிப்படையாகச் சொல்லத் தயங்கி, ‘இசைத் தூய்மை’ என்ற பெயரில் ஒளித்து வைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஹார்ப்பின் சொந்த வரலாற்றுக்கு வருகிறேன். மற்ற எந்த வாதத்தைவிடவும் எனக்கு முக்கியமானது இதுதான்.

அயர்லாந்தில் பல நூற்றாண்டுகளாக ஹார்ப் தனியாக மட்டும் ஒலித்த கருவி அல்ல. கவிஞர் செய்யுளை இயற்றுவார்; அதைச் சபையில் ஒப்புவிக்க ஒருவர் இருப்பார்; அவர் குரலுக்கு ஹார்ப் துணைபோகும். அந்தப் பழைய அமைப்பு குலைந்த பிறகும் தொடர்பு அறவில்லை. டர்லா ஓ’கரோலன் அம்மையால் பார்வை இழந்து, குதிரையேறி வீடு வீடாகச் சென்று வாசித்து வாழ்ந்து, 1738இல் மறைந்தார். அவர் முதலில் இயற்றியதாக மரபு சொல்லும் பாட்டு இரண்டு குன்றுகளின் தேவதைப் படைகளுக்கு இடையே நடந்த போரைப் பற்றியது. ஹார்ப்பைக் கையில் எடுத்தவர் தொடங்கியதே ஒரு கதையில்தான்.

பிறகு 1792 ஜூலை வந்தது. பெல்ஃபாஸ்ட் நகரில் ஐரிஷ் ஹார்ப் கலைஞர்கள் பத்துப் பேரும் வேல்ஸ்காரர் ஒருவரும் கூடினார்கள். பலர் பார்வையற்றவர்கள், பெரும்பாலோர் முதியவர்கள். அவர்களில் தொண்ணூறைக் கடந்த டெனிஸ் ஹெம்ப்சன் மட்டும்தான் பழைய முறைப்படி நீண்ட நகங்களால் உலோகத் தந்திகளை மீட்டினார். அவர்கள் வாசித்ததைக் குறிப்பெடுக்க எட்வர்ட் பன்டிங் என்ற பத்தொன்பது வயது ஆர்கன் கலைஞரை அமர்த்தியிருந்தார்கள். அவர் செய்த வேலை இல்லையென்றால் அந்த மெட்டுகளில் பெரும்பாலானவை மண்ணோடு போயிருக்கும். அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் அவர் எழுதியது மெட்டுகளை, அதுவும் பியானோவில் வாசிக்கும்படி. சொற்களைத் தேடி 1802இல் பாட்ரிக் லிஞ்ச் என்பவரை மேற்கு அயர்லாந்துக்கு அனுப்பினார். லிஞ்ச் ஊர் ஊராக அலைந்து பாட்டுகளின் ஐரிஷ் வரிகளைத் திரட்டினார். 1809இல் வந்த தொகுப்பில் அந்த ஐரிஷ் வரிகள் இல்லை. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வரிகள் இருந்தன.

அந்த மெட்டுகளை இன்று ஒரு ஹார்ப் கலைஞர் மௌனமாக, அழகாக வாசிக்கிறார். கேட்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, இதுதான் தூய ஹார்ப் என்கிறார்கள். சொல் பறிபோன பிறகு மிஞ்சியதைத் தூய்மை என்று எப்படி அழைப்பது? அந்தக் கருவியின் வாயை அதன் சொந்த மரபு கட்டவில்லை. ஆட்சி மாற்றமும் மொழி இழப்பும் கட்டின. பியானோ வீட்டுக்கூடங்களில் நுழைந்ததும் கட்டியது. அதன் விளைவை அழகியல் விதியாக உயர்த்திப் பிடிக்க யாருக்கும் உரிமை இல்லை.

தமிழ் வாசகருக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. யாழ் ஹார்ப் குடும்பத்துக் கருவி. பாணரும் பொருநரும் அதை ஏந்தி வள்ளல்களின் வாசலுக்குப் போனது வெறும் இசையோடு அல்ல, சொல்ல வேண்டிய செய்தியோடு. சிலப்பதிகாரத்தில் கோவலனையும் மாதவியையும் பிரிப்பது கடற்கரையில் கைமாறிய ஒரு யாழ்தான். அவன் பாடியதை அவள் வேறாகக் கொள்ள, அவள் பாடியதை அவன் வேறாகக் கொள்ள, காப்பியம் அங்கிருந்து மதுரையை நோக்கித் திரும்பிவிடுகிறது. யாழ் வழக்கொழிந்து, அதன் அமைப்பையும் பண்களையும் விபுலானந்த அடிகள் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, 1947இல் ‘யாழ் நூல்’ வெளிவந்தபோதும், அவர் தேடிப்போனது பாட்டுகளின் வழியாகத்தான். கருவியையும் சொல்லையும் தனித்தனியாக வைத்து அந்த ஆராய்ச்சியைச் செய்திருக்கவே முடியாது.

ஆர்கெஸ்ட்ராவுக்குள் நுழைந்த ஹார்ப்புக்கு என்ன கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பின்வரிசை. நீண்ட காத்திருப்பு, நடுவே ஒரு பளபளப்பு, மறுபடி காத்திருப்பு. சைகோவ்ஸ்கியின் ‘நட்கிராக்கர்’ மலர் நடனத்துக்கு முன்னால் வருவது போன்ற தனி வாய்ப்புகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மொத்தத்தில் கனவு, சொர்க்கம், நீர், நிலவு என்று ஒரு சில வேலைகளுக்குள் அதை அடைத்துவிட்டார்கள். வாசிக்கும் பெண்ணிடமும் அதே எதிர்பார்ப்பு: தேவதை போல நேராக உட்கார்ந்து, சலனமில்லாமல் இருக்க வேண்டும்.

இதன் உச்சம் வியன்னா. வியன்னா ஃபில்ஹார்மோனிக்கில் அன்னா லெல்கஸ் 1970களிலிருந்தே ஹார்ப் வாசித்துவந்தார். ஆனால் அந்தக் குழு பெண்களை உறுப்பினர்களாக ஏற்காததால் நிகழ்ச்சிக் குறிப்பில் அவர் பெயர் இடம்பெறாமலே இருந்தது. அவர் முறைப்படி உறுப்பினராக ஏற்கப்பட்டது 1997இல். அந்தக் குழுவின் முதல் பெண் உறுப்பினர் அவர்தான். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் கைகளின் இசையைக் கேட்டவர்கள் அவர் பெயரை அச்சில் பார்க்காமலே வீடு திரும்பியிருக்கிறார்கள். ஆர்கெஸ்ட்ராவின் ஹார்ப் கலைஞர் எவ்வளவுக்கெவ்வளவு கண்ணில் படாமல் இருக்கிறாரோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது என்ற மனப்பான்மை வெறும் ரசனை இல்லை. அது இப்படி நிறுவனமாகவே நடந்திருக்கிறது. அதனால்தான் ஒரு பெண் அந்தக் கருவியைப் பின்வரிசையிலிருந்து எடுத்துவந்து, முன்மேடையில் நின்று, தன் குரலில் பேசும்போது நான் அதை வித்தை என்று பார்க்கத் தயாராக இல்லை.

எதிர்த்தரப்பில் நியாயமான ஒரு குறை உண்டு, அதை மறைக்க மாட்டேன். கதையோடு ஆர்கெஸ்ட்ரா என்று அறிவிக்கப்படும் பல நிகழ்ச்சிகளில் ஆர்கெஸ்ட்ராவுக்கு உருப்படியான வேலை இருப்பதில்லை. முன்னால் ஒருவர் பேசி, பாடி, ஆடிக்கொண்டிருக்க, எழுபது எண்பது பேர் நீண்ட சுரங்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மூன்று பேர் வாசித்தாலும் கதை அப்படியே நடக்கும். அது மோசமான படைப்பு, அதைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் மோசமான கான்செர்ட்டோக்களும் குவிந்து கிடக்கின்றன. அவற்றைக் காட்டி யாரும் கான்செர்ட்டோ என்ற வடிவமே வேண்டாம் என்பதில்லை. கதைக்கு மட்டும் ஏன் அந்தத் தண்டனை? ஹென்சன்-கோனன்ட்டின் ‘பரோக் ஃப்ளெமென்கோ’வை எடுத்துப் பாருங்கள். பரோக் பாணியில் ஒழுங்காகத் தொடங்கும் கருப்பொருள் கொஞ்சம் கொஞ்சமாக ஃப்ளெமென்கோவின் தாளத்துக்குள் இழுக்கப்படுகிறது. ஹார்ப்பின் உடலே தட்டுக்கருவியாகிறது. ஒரு கருப்பொருளை உருமாற்றிக்கொண்டே போவது செவ்விசையின் ஆதி வேலை. அது இங்கே பாத்திர மாற்றமாகவும் இருக்கிறது. பேச்சைக் கழித்துவிட்டாலும் உருமாற்றம் நிற்கும். இசையைக் கழித்தால் கதைக்கு முதுகெலும்பு இருக்காது.

கடைசியாக, கதை சொன்னால் கேட்பவரின் கற்பனை சுருங்கிவிடும் என்ற வாதம். பலருக்கு இது அசைக்க முடியாததாகத் தோன்றுகிறது. ஆந்திரே கப்லே ஹார்ப்புக்கும் தந்தி நால்வருக்குமாக எழுதிய ‘கோந்த் ஃபன்டாஸ்டிக்’கைக் கேட்டவர்கள் இதை மறுபரிசீலனை செய்வார்கள். எட்கர் ஆலன் போவின் செந்நோய்க் கதையை ஒட்டி எழுதப்பட்டது அது. இளவரசன் ஒருவன் கொள்ளைநோய்க்குப் பயந்து ஆயிரம் பேரோடு கோட்டைக்குள் அடைந்துகொண்டு விருந்து நடத்துகிறான். நள்ளிரவில் அழைக்கப்படாத விருந்தாளி வந்துவிடுகிறது. ஹார்ப் அங்கே கடிகாரமாகிறது. ஓரிடத்தில் கலைஞர் தந்தியை விட்டுவிட்டு மரப்பலகையைக் கையால் தட்டுகிறார். கதை தெரியாமல் கேட்டால் அது ஒரு புதுமையான ஓசை. கதை தெரிந்து கேட்கும்போது அந்தத் தட்டலுக்கு முன்னால் இருக்கிற இடைவெளியே நடுக்குகிறது. வாத்தியங்கள் மீண்டும் நடனத்துக்குத் திரும்ப முயலும்போது அது நடக்காது என்று நமக்குத் தெரிகிறது. யாருடைய கற்பனை சுருங்கியது? அடுத்து என்ன வரும் என்ற எதிர்பார்ப்பைச் சொல் உண்டாக்குகிறது. இசை அதைத் தள்ளிப்போடுகிறது, ஏமாற்றுகிறது, வேறு பக்கம் திருப்புகிறது. எதிர்பார்ப்பே இல்லாதவரை ஏமாற்ற முடியாது. செவ்விசையில் நெடுநாள் ஊறிய ரசிகருக்கு அந்த எதிர்பார்ப்பை வடிவமே கொடுத்துவிடும், சொனாட்டாவின் எந்த இடத்தில் என்ன திரும்பி வரும் என்று அவருக்குத் தெரியும். முதல்முறை அரங்குக்கு வருகிற பெண்ணுக்கோ பையனுக்கோ அது தெரியாது. கதை அவர்களுக்கும் அதே பிடிமானத்தைக் கொடுக்கிறது. படித்தவருக்கு வடிவம் தரும் உதவியை மற்றவருக்குக் கதை தந்தால் அது மட்டும் எப்படி இழுக்காகும்?

எனவே நான் ஆர்கெஸ்ட்ரா நிர்வாகிகளிடம் கேட்பது பரிதாபமோ சலுகையோ அல்ல. கதை சொல்லும் ஹார்ப் கலைஞரைக் கோடைக்காலக் கச்சேரியிலிருந்தும் குழந்தைகள் மதிய நிகழ்ச்சியிலிருந்தும் எடுத்து, சந்தாதாரர்களுக்கான முதன்மைத் தொடரில் வையுங்கள். முதல் பாதியில் டெபுஸ்ஸி 1904இல் எழுதிய ஹார்ப் நடனங்களும் கப்லேயும். இரண்டாம் பாதியில் ஹென்சன்-கோனன்ட், முழு ஆர்கெஸ்ட்ராவோடு, மைக் சரியாக வைத்து, ஓர் ஒத்திகை கூடுதலாகக் கொடுத்து. விமர்சகர்களுக்கு ஸ்கோரை முன்கூட்டியே அனுப்புங்கள், பேச்சு வரிகளும் அதில் அச்சாகியிருக்கட்டும். எந்தச் சொல் எந்த அளவில் விழுகிறது, லீவர் எங்கே மாறுகிறது, சுழற்சியிலிருந்து நடத்துநர் எப்படி வெளியே வருகிறார் என்று பார்த்துவிட்டு அவர்கள் எழுதட்டும். குறை இருந்தால் குறையை எழுதட்டும். அவர் என்ன உடுத்தியிருந்தார், எத்தனை முறை கூட்டம் சிரித்தது என்பதைக் கணக்கெடுத்துவிட்டு அதற்கு இசை விமர்சனம் என்று பெயர் வைக்க வேண்டாம்.